பத்திரத்தைக் கடைசியில் எழுதுங்கள்: வெளிநாட்டுத் தத்தெடுப்பில் நான் பார்க்கும் தவறுகள்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். சேலம் கலெக்டர் ஆபீஸ் வேலையை முடித்துவிட்டு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் வக்கீல் பெண் ஒருவர் வேகமாக வந்தார். "அக்கா, தத்துப் பத்திரம் ரெடி. நாளைக்கு நல்ல நாள், ரிஜிஸ்டர் பண்ணிடலாம்னு இருக்கோம். ஒரு தடவை பார்த்துடுங்க" என்று முத்திரைத்தாளை நீட்டினார். குழந்தையைக் கொடுப்பவர் அம்மாபேட்டையில் இருக்கும் தங்கை. வாங்குபவர் டெக்சாஸில் இருக்கும் அக்கா.

படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2010 தை மாதம் இதே மாதிரி ஒரு பத்திரத்தில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இருபது வருடங்களுக்கு மேலாகத் தத்தெடுக்கும் குடும்பங்களோடு அலைகிறேன். ஹோம் ஸ்டடி, அதாவது தத்தெடுப்பவர்களின் வீட்டையும் நிலைமையையும் பார்த்து அறிக்கை எழுதுவது, குழந்தைகள் நலக் குழுவுக்குப் பெற்றோரைக் கூட்டிப்போவது, தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பான காராவின் இணையதளத்தில் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என்று நாட்கள் போகின்றன. தாமதம், தாமதம் என்று எல்லாரும் புலம்புகிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் என் கண்ணெதிரே சிக்கிய கோப்புகளில் பலவும் அவசரத்தால் சிக்கியவை. இனிஷியல் ஒரு சான்றிதழில் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரியும் இருப்பது, மருத்துவச் சான்று காலாவதியாவது போன்றவற்றை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் அதற்குள் போகவில்லை.

பத்திரத்தை முதலில் பதிவு செய்வது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

நம் ஊரில் அக்கா தங்கைக்குள் குழந்தையைக் கொடுத்து வாங்குவது புதிதல்ல. அக்காவுக்குக் குழந்தை இல்லை, தங்கைக்கு மூன்றாவதாகப் பெண் பிறந்திருக்கிறது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, சாமி படத்துக்கு முன்னால் அக்காவின் மடியில் குழந்தையைப் போடுவார்கள். அப்புறம் சார்பதிவாளர் அலுவலகம் போய்ப் பத்திரம். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டப்படி இது முறையான தத்து. பதிவு செய்த பத்திரம் இருந்தால், தத்து முறைப்படி நடந்தது என்றே நீதிமன்றமும் எடுத்துக்கொள்ளும். உள்ளூரில் வளரப்போகும் குழந்தைக்கு இது போதும்.

2010-இல் நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்கா அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், பொங்கலுக்கு வந்திருந்தார். லீவு மூன்று வாரம். அதற்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று வீடே பரபரத்தது. மடியில் போட்டார்கள், பதிவு செய்தார்கள், நான் கையெழுத்துப் போட்டேன். குழந்தைக்கு ஒன்றரை வயது. குளிர் நாட்டுக்குப் போகிறாள் என்று அக்கா சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் வாங்கிவந்திருந்தார். காது மறைக்கும் தொப்பியும் அதோடு தைத்திருந்தது.

அந்தக் குழந்தைக்கு விசா கிடைக்கவில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கு 1993-இல் ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் உருவானது. இந்தியாவில் அது 2003 அக்டோபரிலும் அமெரிக்காவில் 2008 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தது. குழந்தையை அனுப்பும் நாடும் ஏற்கும் நாடும் 'சரி, நடக்கலாம்' என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை. பணத்துக்கும் பொய்க் காகிதத்துக்கும் குழந்தைகள் கைமாறிய காலத்தைப் பார்த்துவிட்டுப் போட்ட பூட்டு அது. நம் உச்ச நீதிமன்றமும் 1984-இல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் இந்தக் கவலையால்தான் வெளிநாட்டுத் தத்துக்கு நெறிமுறைகள் வகுத்தது.

அமெரிக்கக் குடிமக்களுக்கு இதன் வரிசை இப்படி: முதலில் ஹோம் ஸ்டடியும் அமெரிக்கக் குடியேற்றத் துறையின் ஐ-800ஏ படிவமும். பெற்றோர் தகுதியானவர்களா என்று பார்ப்பது அது. அப்புறம் குறிப்பிட்ட குழந்தைக்காக ஐ-800. அதற்குத் தற்காலிக ஒப்புதல் வந்த பிறகுதான் இங்கே தத்து முடிய வேண்டும். முன்பே முடித்துவிட்டால் மனுவை நிராகரிப்பார்கள். அந்தத் தத்தை ரத்து செய்துவிட்டு மறுபடி வா என்பார்கள். நம் 1956 சட்டத்தின் 15-ஆவது பிரிவோ, முறையாக நடந்த தத்தை யாராலும் ரத்து செய்ய முடியாது என்கிறது. அங்கே ரத்து செய் என்கிறார்கள், இங்கே முடியாது என்கிறார்கள். நடுவில் ஒன்றரை வயதுக் குழந்தை.

இன்னொரு முடிச்சும் இருந்தது. பெற்ற தாய், தகப்பன் இருவரும் உயிரோடு இருந்தால், அவர்களால் குழந்தையைச் சரியாக வளர்க்க முடியாத நிலை என்று காட்டினால்தான் அமெரிக்காவின் ஹேக் வழி திறக்கும். தங்கை வீட்டில் இரண்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. 'எங்களால் வளர்க்க முடியாது' என்று அவர்கள் எப்படி எழுதிக் கொடுப்பார்கள்? எழுதினாலும் அது பொய். இந்தக் கேள்வியைப் பத்திரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால், இது அமெரிக்காவுக்குப் போகாத தத்து என்று ஒரே நாளில் தெரிந்திருக்கும்.

நாலு வருடம் அலைந்தார்கள். வக்கீல் செலவு, விமானச் செலவு எல்லாம் போனது போகட்டும். குழந்தை பெற்றவளிடமே வளர்ந்தாள். ஆனால் சட்டப்படி பெற்றவள் அவளுக்கு அம்மா இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தாய் பெயர் என்ற கட்டத்தில் தங்கை பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அமெரிக்காவிலிருந்து வருடா வருடம் ஒரு ஸ்வெட்டர் பார்சலில் வந்தது, ஒவ்வொரு முறையும் ஒரு சைஸ் பெரியதாக. சேலம் வெயிலில் அதை எங்கே போடுவது? ஏற்காட்டுக்குச் சுற்றுலா போகும் அன்று மட்டும் போட்டுக்கொள்வாள்.

சட்டம் அப்புறம் கொஞ்சம் இளகியது. 2021 செப்டம்பரில் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளைத் திருத்தி, 1956 சட்டப்படி தத்தெடுத்த வெளிநாட்டு வாழ் குடும்பங்களும் காராவிடம் தடையில்லாச் சான்று கேட்க வழி செய்தார்கள். பழைய பத்திரங்களை மாவட்ட ஆட்சியர் விசாரித்துச் சரிபார்ப்பார். நல்ல சீர்திருத்தம், மறுக்கவில்லை. ஆனால் இதைக் கேள்விப்பட்டதும் 'இப்போது பத்திரம் போதுமாம்' என்று ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. போதாது. காரா சான்று இந்தியாவின் கதவைத்தான் திறக்கும். குழந்தை போய் இறங்கும் நாட்டின் கதவு அந்த நாட்டுச் சட்டப்படிதான் திறக்கும்.

அதனால் அந்த வக்கீல் பெண்ணிடம் சொன்னேன்: "வேண்டாம் கண்ணு. இந்தப் பத்திரத்தைப் பீரோவில் வை. டெக்சாஸ் அக்காவை முதலில் அங்கே ஹேக் அங்கீகாரம் உள்ள ஒரு நிறுவனத்திடம் பேசச் சொல். பெற்றவர்கள் இருவரும் நல்லபடியாக இருக்கிறார்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லச் சொல்." நல்ல நாள் போகிறதே என்றார். போகட்டும் என்றேன்.

சொந்தம் என்ற சொல்லை நம் வழக்கப்படி புரிந்துகொள்வது

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் உறவினர் தத்துக்குத் தனி வழி இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு 60-ஆவது பிரிவு. ஆனால் அந்தச் சட்டத்தில் உறவினர் என்றால் பெற்றோரின் உடன்பிறந்தவர்களும் தாத்தா பாட்டிகளும் மட்டும்தான்.

நமக்குப் பெரியப்பா மகனும் அண்ணன்தான், சித்தி மகனும் தம்பிதான். அந்த 'அண்ணன்' மகளைத் தத்தெடுக்கிறேன் என்று விண்ணப்பித்தால் குடும்ப மரத்தைக் கேட்பார்கள். அதில் ஒரு தலைமுறை மேலே போய்ச் சுற்றி வந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். முதல் சந்திப்பிலேயே ஒரு வெள்ளைத்தாளில் மரத்தை வரைந்து பாருங்கள். 'கூடப் பிறந்த அண்ணனா?' என்று வெளிப்படையாகக் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

குழந்தைக்கு ஐந்து வயது ஆகிவிட்டால் அதன் சம்மதமும் வேண்டும். இதை அம்மாவே பதில் சொல்லி முடிக்க விடாதீர்கள்.

மலைக்கு மேலே அதே பத்திரத்தை எடுத்துப்போவது

இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சட்டமே மாறிவிடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. சேர்வராயன் மலையில் இருக்கும் மலையாளி மக்கள் சேலம் மாவட்டத்தில் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள். மத்திய அரசு தனியாக அறிவித்தால் தவிர, 1956 சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அதன் 2-ஆவது பிரிவே சொல்கிறது. அவர்களுக்கு அவர்களுடைய வழக்கம்தான். கீழே டைப் அடித்த மாதிரிப் பத்திரத்தில் அந்தச் சட்டத்தின் பெயரை எழுதி, காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பத்திடம் கையெழுத்து வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டவர்கள் பாவம், முத்திரைத்தாளை நம்பினார்கள். இளைஞர் நீதிச் சட்டம் எல்லாருக்கும் பொது. மலையில் அந்த வழியில் போவதுதான் சரி.

ஆஸ்பத்திரியிலேயே பேசி முடிப்பது

கூடவே கூடாது. குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் 5 வருடம் வரை கடுங்காவல். ஆஸ்பத்திரி ஊழியர் உடந்தை என்றால் 3 முதல் 7 வருடம்.

தொட்டிலைக் கடை என்று நினைப்பது

வளர்க்க முடியாத குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் நம் சேலத்தில்தான் தொடங்கியது. பெண் சிசுக்கொலை இந்தப் பக்கம் எவ்வளவு இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அந்த நினைவில் இப்போதும் வெளிநாட்டிலிருந்து போன் வரும்: "தொட்டிலில் குழந்தை வந்தால் சொல்லுங்கள், நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம்."

அப்படி எடுக்க முடியாது. பெற்றோர் ஒப்படைத்த குழந்தை என்றால், மனம் மாறித் திரும்பி வர அவர்களுக்கு 60 நாள் உண்டு. கைவிடப்பட்ட குழந்தை என்றால், இரண்டு வயதுக்குள் இருந்தால் 2 மாதம், அதற்கு மேல் 4 மாதம் பெற்றோரைத் தேட வேண்டும். அதன் பிறகுதான் குழந்தைகள் நலக் குழு, தத்துக்குச் சட்டப்படி தகுதியான குழந்தை என்று அறிவிக்கும். இந்த நாட்களைத் தாமதம் என்று சொல்லாதீர்கள். 48-ஆம் நாள் வந்து தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன ஒரு தாயை எனக்குத் தெரியும். இந்தக் கெடு முடிந்த பிறகும் அறிக்கை எழுதாமல், இணையதளத்தில் ஏற்றாமல் மாதக்கணக்கில் கிடப்பதுதான் தாமதம். அதைக் கேட்டு எழுதுங்கள், நேரில் போய்க் கேளுங்கள்.

வெளிநாட்டில் வாழும் இந்தியர் என்பதால் சீக்கிரம் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். இங்கே இருப்பவர்களோடு அதே வரிசைதான்.

சட்டம் மாறட்டும் என்று காத்திருப்பது

2022 செப்டம்பர் 1 முதல் தத்து ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திலிருந்து மாவட்ட ஆட்சியருக்கு வந்தது. இரண்டு மாதத்துக்குள் ஆணை தர வேண்டும். இது வரப்போகிறது என்று தெரிந்து, காராவில் பதிவே செய்யாமல் ஒன்றரை வருடம் உட்கார்ந்திருந்த குடும்பம் உண்டு. அதற்குள் அவர்களின் வயது கூடிக் கைக்குழந்தைக்கான வரம்பைத் தாண்டிவிட்டது. இரண்டு வயது வரை உள்ள குழந்தைக்குத் தம்பதியின் வயதைக் கூட்டினால் 85-க்கு மேல் போகக் கூடாது.

குழந்தை போகப்போகும் நாட்டைக் கவனிக்காமல் இருப்பது

டென்மார்க்கில் வெளிநாட்டுத் தத்து வேலையைச் செய்துவந்த ஒரே நிறுவனம் 2024 ஜனவரியில் பணியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. நெதர்லாந்து 2024-இல் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தது. பழைய தத்துகளில் கண்டுபிடித்த முறைகேடுகள்தான் காரணம். உறவினர் எந்த நாட்டில் இருக்கிறாரோ, அங்கே வழி திறந்திருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள்.

போன பிறகு அறிக்கை அனுப்பாமல் விடுவது

குழந்தை அங்கே எப்படி இருக்கிறது என்ற அறிக்கை முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒன்று. அனுப்புங்கள்.

குழந்தையின் பதிவேட்டில் ஒரே வரி எழுதுவது

ஐரோப்பாவில் வளர்ந்த ஒரு பெண், நாற்பதை நெருங்கும் வயது, தன் வேரைத் தேடிச் சேலம் வந்தார். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. அவரை அனுப்பிய இல்லத்தின் பழைய பதிவேட்டை எடுத்துத் தந்தார்கள். 'பெண் குழந்தை. 2 கிலோ 100. ஆரோக்கியம்.' கீழே தேதி. அவ்வளவுதான். அவர் அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, வேறு பக்கம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை.

இப்போது நான் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் சொல்வது: எந்த ஊர், எந்தத் தெரு, யார் கொண்டுவந்தார், என்ன நேரம், என்ன துணி சுற்றியிருந்தது, கையில் கயிறு இருந்ததா, எல்லாவற்றையும் எழுதுங்கள். துணியைத் துவைத்து எடுத்துவையுங்கள்.

அன்றைக்கு அவரை எந்த ஊருக்குக் கூட்டிப்போவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போனோம். டீ குடித்தோம். ஊர் ஊராகப் போகும் பஸ்களின் பெயர்ப் பலகைகளை அவர் ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னார், நான் படித்துக்கொண்டே இருந்தேன்.