சொன்ன சொல்லைக் காக்கும் பழக்கத்தை வளர்ப்பது எப்படி?

பிறரை வழிநடத்த விரும்புபவர் முதலில் தம்மைத் தாமே நம்பக்கூடியவராக இருக்க வேண்டும். அதற்கு மிக எளிய தொடக்கம், ஒப்புக்கொண்ட சிறு வேலைகளைத் தவறாமல் முடிப்பதே ஆகும். "பார்க்கலாம்", "முயல்கிறேன்" என்று மழுப்பாமல், எதை எப்போது முடிப்பீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இயலாத வேலையை அப்போதே மரியாதையுடன் மறுப்பதும் நேர்மைதான்.

மன உறுதியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் ஆராய்ந்து விளக்கிய முறை இங்கே பெரிதும் உதவும்: "இந்தச் சூழல் வந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது. எடுத்துக்காட்டாக, "கூட்டத்தில் ஒருவர் என் கருத்தை மறுத்தால், பதில் சொல்வதற்கு முன் அவர் கூறியதை என் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்வேன்" என்று எழுதி வைக்கலாம். பொறுமையாக இருப்பேன் என்ற பொதுவான தீர்மானத்தைவிட இது வலுவானது. செய்ய வேண்டியதும் அதற்கான தருணமும் முன்பே முடிவாகிவிடுவதால், சினம் எழும் நேரத்தில் தடுமாற வேண்டியதில்லை.

அமெரிக்க அரசியல் தலைவரும் அறிவியலாளருமான பெஞ்சமின் பிராங்க்ளின் 13 நற்பண்புகளைப் பட்டியலிட்டு, வாரத்துக்கு ஒன்றில் தனிக் கவனம் செலுத்தி, தவறியபோதெல்லாம் சிறு குறிப்பேட்டில் கரும்புள்ளி வைத்தார். ஒரே ஒரு பண்புடன் தொடங்கினாலே போதும் என்பது என் கருத்து. புள்ளிகள் கூடினால் உங்களை நீங்களே கடிந்துகொள்ளாமல், அவை எந்த நேரத்தில், யாருடன் பேசும்போது விழுகின்றன என்று பார்த்து, அந்தச் சூழலுக்கென "இப்படி நடந்தால் இதைச் செய்வேன்" என்ற ஒரு புதிய வாக்கியத்தை எழுதுங்கள்.

வாக்குத் தவறும் நிலை வந்தால், கெடு முடிவதற்கு முன்பே உரியவரிடம் தெரிவித்து, வேலையை முடிக்கும் புதிய நாளையும் சொல்லிவிடுங்கள்.