வலைப்பதிவு தொடங்குவோர் செய்யும் தவறுகள்: பிறகு திருத்த முடியாதவற்றை முதலில் பாருங்கள்

கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து, இப்போது வெள்ளவத்தையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவோம். ஜம்பட்டா வீதியில் கழிந்த சின்ன வயதையும், ஆடிவேலுக்குச் செட்டியார் தெருவில் தேர் புறப்படும்போது கூடும் சனத்தையும் அவர் சொல்லக் கேட்டால் நேரம் போவதே தெரியாது. "இதையெல்லாம் எழுதுங்கோ டீச்சர்" என்று சொல்லிச் சொல்லி, ஒருநாள் எழுத வைத்துவிட்டோம். அவருடைய பெறாமகன் ஒரு மாலைப்பொழுதில் வலைப்பதிவு ஒன்றைத் திறந்து கொடுத்தான். தன்னுடைய மின்னஞ்சலில்.

டீச்சர் 40 பதிவுகள் எழுதினார். பெறாமகன் கனடாவுக்குப் போனான். அந்தப் பழைய மின்னஞ்சலை அவன் பிறகு தொடவில்லை. அதோடு இணைத்திருந்த கொழும்பு சிம்மும் செயலிழந்துவிட்டது. டீச்சரின் மடிக்கணினி பழுதாகி, புதியதில் உள்ளே போகப் பார்த்தபோது, உறுதிப்படுத்தும் இலக்கம், செயலிழந்த அந்தச் சிம்முக்கே போய்க்கொண்டிருந்தது. தான் எழுதியதில் ஓர் எழுத்துப் பிழையைக்கூட அவரால் திருத்த முடியவில்லை. கொஞ்சக் காலத்தில் கணக்கே இல்லாமல் போய், பதிவுகளும் மறைந்தன.

அன்றிலிருந்து யார் வலைப்பதிவு தொடங்கப் போகிறேன் என்று வந்தாலும் நான் ஒன்றைத்தான் முதலில் சொல்கிறேன். இதில் எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடியவை பல உண்டு: நிறம், வார்ப்புரு எனப்படும் பக்க அமைப்பு, தலைப்புப் படம், பக்கப்பட்டி. பிறகு மாற்றவே முடியாத, அல்லது மாற்றினால் பெரிய சேதம் வரும் விஷயங்கள் சிலதான்: கணக்கு யாருடையது, முகவரி என்ன, எழுத்து எந்த முறையில் பதிகிறது. பெரும்பாலானோர் முதல் வகைக்கு 2 வாரம் செலவழிக்கிறார்கள், இரண்டாவதை 5 நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள்.

கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும்

மகன், மருமகள், பக்கத்துக் கணினிக் கடைத் தம்பி, யார் உதவினாலும் சரி, மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்க வேண்டும். மீட்புக்குக் கொடுக்கும் தொலைபேசி இலக்கம் உங்கள் கையில் இருக்கும் சிம்மாக இருக்க வேண்டும். கூகுள் கணக்கில், கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டால் 10 மீட்புக் குறியீடுகளை எடுத்துவைக்கலாம். அவற்றை ஒரு தாளில் அச்சிட்டு, அடையாள அட்டைப் பிரதியும் வங்கிப் புத்தகமும் இருக்கும் அதே கோப்பில் வையுங்கள். சிம் தொலைந்தாலும் அந்தத் தாள் உங்களை உள்ளே விடும்.

உதவி செய்பவருக்குக் கடவுச்சொல்லைக் கொடுக்கத் தேவையே இல்லை. வலைப்பதிவுக்கு இடம் தரும் புளொக்கரிலும் வேர்ட்பிரஸ்ஸிலும் இன்னொருவரை நிர்வாகியாகச் சேர்க்கும் வசதி இருக்கிறது. வீட்டில் நம்பிக்கையான ஒருவரை அப்படிச் சேர்த்துவிடுங்கள். இரண்டு சாவி இருப்பது நல்லது. அதோடு, 2 ஆண்டு தொடாமல் கிடக்கும் தனிப்பட்ட கணக்குகளை அழிக்கும் விதியைக் கூகுள் 2023இல் அறிவித்து, அந்த ஆண்டு டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எழுதாத காலத்திலும் இடைக்கிடை உள்ளே போய்வர வேண்டும்.

எந்த இடத்தில் தொடங்குவது

இதில் மனதைக் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் நிற்பவர்கள் உண்டு. புளொக்கர் 1999இல் வந்தது, 2003இல் கூகுள் அதை வாங்கியது, இலவசம். வேர்ட்பிரஸ் என்ற பெயரில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன, குழப்பம் அங்கேதான். ஒன்று, கணக்குத் திறந்தவுடன் எழுதக்கூடிய வேர்ட்பிரஸ் டொட் கொம் சேவை. மற்றது, நாமே இடம் வாடகைக்கு எடுத்து நிறுவ வேண்டிய மென்பொருள். இரண்டாவதில் சுதந்திரம் அதிகம். ஆனால் மென்பொருளையும், அதற்குக் கூடுதல் வசதி தரும் செருகுநிரல்களையும் நீங்களே புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டும். விட்டால் யாராவது உள்ளே புகுந்து விளம்பரக் குப்பையைக் கொட்டிவிடுவார்கள். அனுபவத்தை எழுத விரும்பும் ஒருவருக்கு முதல் ஆண்டில் இந்தச் சுமை வேண்டாம் என்பது என் கருத்து. இலவச இடமொன்றில் தொடங்குங்கள்.

ஆனால், பத்துப் பதினைந்து பதிவு எழுதி, இதைத் தொடர்வேன் என்று தெரிந்ததும் சொந்த டொமைன் ஒன்றை, அதாவது உங்களுக்கே உரிய இணைய முகவரி ஒன்றை, வாங்கிவிடுங்கள். புளொக்கரில் அதை இணைக்கக் கட்டணம் கிடையாது. நாளைக்கு வேறு இடத்துக்கு மாறினாலும் முகவரி உங்களோடு வரும். யாஹூவின் ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது, அங்கே பக்கம் வைத்திருந்தவர்களின் முகவரிகளும் சேர்ந்தே போய்விட்டன.

டொமைன் வாங்கும்போது முதல் ஆண்டு விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள், புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். டொலரில் கட்ட வேண்டியதென்றால் அது இன்னொரு கணக்கு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. 15 டொலர் டொமைன் 3,000 ரூபாவிலிருந்து 5,400 ரூபாவானது. கையில் இருக்கும்போது 3 ஆண்டுக்கோ 5 ஆண்டுக்கோ சேர்த்துக் கட்டுவது நல்லது. டொட் கொம் முகவரியை 10 ஆண்டு வரை முன்கூட்டிப் பதியலாம். தானாகப் புதுப்பிக்கும்படி போட்டுவிட்டு, வங்கி அட்டை காலாவதியானதை மறந்து முகவரியை இழப்பவர்கள் நிறையப் பேர். டொட் எல்கே முகவரியும் எடுக்கலாம். டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் முகவரியும் நமக்கு உண்டு. அழகானதுதான், ஆனால் சில செயலிகள் அதை இன்னும் சரியாகக் கையாள்வதில்லை. அதை இரண்டாவது முகவரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்த் தலைப்பும் இணைப்பும்

ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு இருக்கிறது. வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புளொக்கரில் தமிழில் தலைப்பு வைத்துப் பதிப்பித்தால், அது தமிழ் எழுத்தை இணைப்பில் சேர்ப்பதில்லை. 'புளொக்-போஸ்ட்' என்று ஒரு பொதுப்பெயரை வைத்து, அடுத்தடுத்த பதிவுகளுக்குப் பின்னால் எண் ஒட்டிவிடும். '155 பஸ்சில் ஒரு காலை' என்று தலைப்பு வைத்தால் இணைப்பில் 155 மட்டும் மிஞ்சும். நூறு பதிவு எழுதிய பிறகு எது எதுவென்று உங்களுக்கே தெரியாது, இணைப்பைப் பார்ப்பவருக்கும் அது ஒன்றும் சொல்லாது.

வேர்ட்பிரஸ் எதிர்ப்பக்கம். அது தமிழை அப்படியே எடுக்கும், ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். இணைப்பில் அது விழுக்காட்டுக் குறிகளோடு 9 எழுத்தாக விரியும். 'கொழும்பு' என்ற சொல்லில் க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ம, புள்ளி, ப, உகரக் குறி என 8 குறிகள். ஆக, 72 எழுத்து. 'வெள்ளவத்தைக் கடற்கரை மாலை' என்று ஒரு தலைப்பு வைத்துப் பாருங்கள். முதல் இரண்டு சொல்லுக்கே 172 எழுத்து முடிந்துவிடும். வேர்ட்பிரஸ் இணைப்புப் பெயருக்கு விடும் இடம் 200. 'மாலை'யின் கடைசி ஐகாரக் குறிக்கு அதில் இடமில்லை. அது வெட்டுப்பட்டுப் போகும். இந்த இணைப்பை வட்ஸ்அப்பில் ஒட்டினால் நாலைந்து வரிக்குக் குறியீடாக நீளும். பார்ப்பவர் ஏதோ வைரஸ் என்று நினைத்து அழுத்தாமலே விடுவார்.

செய்ய வேண்டியது ஒரு சின்ன வேலைதான். பதிப்பிக்கும் முன், பேர்மாலிங்க் எனப்படும் நிரந்தர இணைப்புப் பகுதிக்குப் போய், மூன்று நான்கு சொல்லை ஆங்கில எழுத்தில் நீங்களே எழுதுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும், இணைப்பு மட்டும் ஆங்கில எழுத்தில். முன்னரே என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பதிப்பித்து, பத்துப் பேர் பகிர்ந்த பிறகு மாற்றினால், அவர்கள் பகிர்ந்த பழைய இணைப்பு செத்துப்போகக்கூடும்.

பாமினியில் தட்டச்சு செய்பவர்களுக்கு

கொழும்பில் பத்திரிகை, அச்சகம் பக்கம் வேலை செய்தவர்களில் பலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் வேகமாக அடிப்பார்கள். அது தவறில்லை. ஆனால் பாமினியில் அடித்தது உண்மையில் தமிழாகச் சேமிக்கப்படுவதில்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தமிழ் முகமூடி போட்டு நிற்கின்றன. அதை அப்படியே வலைப்பதிவில் ஒட்டினால் 'அம்மா' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கூகுளில் யாரும் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது. தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றித் தரும் எழுத்துருமாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒருமுறை வாசித்துப் பாருங்கள், இடைக்கிடை ஓர் எழுத்து பிசகியிருக்கும். விரல் பழக்கத்தை விட முடியாதவர்கள் பாமினி விசை அமைப்பிலேயே யூனிகோடு தரும் மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம்.

இதைத் தவிர்க்கச் சிலர் கட்டுரையையே படமாக்கிப் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். படத்தில் இருக்கும் எழுத்தைச் சின்னத் திரையில் பெரிதாக்கி வாசிக்கக் கண் வலிக்கும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதை வாசிக்காது. நீங்களே இரண்டு வருடம் கழித்து ஒரு வரியைத் தேடினால் கிடைக்காது.

வார்ப்புருவைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: அவை ஆங்கில எழுத்துக்காகச் செய்யப்பட்டவை. தமிழுக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் இருப்பதால் வரிகளுக்கு இடையில் கூடுதல் இடைவெளி வேண்டும். சாய்வெழுத்து தமிழுக்குப் பொருந்தாது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துரு ஒன்றைப் போட்டு, உங்கள் போனில் திறந்து பார்த்து, கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடிந்தால் போதும்.

எழுதத் தொடங்கும்போது

"வணக்கம், இது என் முதல் பதிவு, இனி அடிக்கடி எழுதுவேன்" என்று தொடங்கி, அதோடு நின்றுபோன வலைப்பதிவுகளை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். அறிவிப்பு வேண்டாம். 5 பதிவுகளை எழுதி வைத்துவிட்டுக் கதவைத் திறங்கள். 5 எழுத முடியவில்லை என்றால், எதை எழுதப் போகிறோம் என்பதை இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று அர்த்தம்.

எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்று சினிமா, சமையல், அரசியல், கிரிக்கெட் என்று அள்ளிப்போடுவதும் அடிக்கடி நடக்கும் தவறு. உங்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாததை எழுதுங்கள். மருதானை ரயில் நிலையத்தில் 20 வருடம் ஏறி இறங்கியவருக்குத் தெரிந்தது வேறு எவருக்கும் தெரியாது.

சொந்த வாழ்க்கையை எழுதும்போது மற்றவர்களும் அதில் வருவார்கள். அயலவரின் குடும்பப் பிரச்சினை உங்கள் கதை இல்லை. பிள்ளைகளின் பாடசாலைச் சின்னம் தெரியும் படம், வீட்டு வாசல் இலக்கம், 'இரண்டு வாரம் ஊருக்குப் போகிறோம்' என்ற செய்தி, இவற்றைப் போடாதீர்கள். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம், கமராவில் அந்த வசதியை நிறுத்திவிடுங்கள். அப்புறம், படம் ஒவ்வொன்றும் 4, 5 எம்பி என்று அப்படியே ஏற்றினால் வாசிப்பவரின் டேட்டாதான் கரையும். 1,200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்தால் போதும்.

கூகுளில் கிடைத்த படத்தையும், பத்திரிகைக் கட்டுரையையும் எடுத்துப் போடுவதற்கு "பெயர் போட்டேனே" என்பது பதில் ஆகாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எழுத்தையும் படத்தையும் பாதுகாக்கிறது. உங்கள் எழுத்தையும் அதே சட்டம்தான் பாதுகாக்கிறது.

வாசகர்

2004இல் தமிழ்மணம் வந்த பிறகு பல ஆண்டுகள், பலருடைய புதிய பதிவுகளை ஒரே பக்கத்தில் காட்டும் இத்தகைய திரட்டிகள்தான் தமிழ்ப் பதிவர்களுக்கு வாசகரைக் கொண்டுவந்தன. பிறகு எல்லாரும் முகநூலுக்குப் போனார்கள், பிடித்த தளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் வாசிக்கத் தந்த கூகுள் ரீடரும் 2013இல் மூடப்பட்டது. முகநூலிலேயே எழுதினால் என்ன என்று கேட்பவர்களுக்கு, 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் இங்கே சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டதை நினைவூட்டுவேன். முதலில் சொந்த இடத்தில் எழுதுங்கள், பிறகு இணைப்பை அங்கே போடுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தினமும் எண்ணாதீர்கள். முதல் 6 மாதம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தால் இன்னும் நல்லது. குறைந்த எண்ணைப் பார்த்து மனம் விட்டு நிறுத்தியவர்கள் அதிகம்.

பிரதி

டீச்சரின் 40 பதிவுகளில் 17ஐ இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தேடி எடுத்தோம். அது இணையப் பக்கங்களை அவ்வப்போது பிரதி எடுத்து வைக்கும் இடம், பழைய முகவரி நினைவிருந்தால் போதும். நல்ல காலம், மிச்சத்தை அவர் முதலில் சி.ஆர். கொப்பியில் கையால் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்து மறுபடியும் தட்டச்சு செய்தார். ஆடிவேல் பற்றிய பதிவுக்கு மட்டும் மூன்று இரவு எடுத்தது.

இப்போது கணக்கு அவருடைய பெயரில் இருக்கிறது. புளொக்கரில் அமைப்புகள் பகுதியில் உள்ளடக்கத்தைப் பிரதி எடுக்கும் பொத்தான் உண்டு. அதன் வழியே போய்ப் பதிவுகளின் கோப்பைத் தரவிறக்கலாம். படங்கள் அதில் அடங்காது, அவற்றைத் தனியாக ஒரு கோப்புறையில் வைக்க வேண்டும். இதை எப்போது செய்வது என்று மறந்துவிடும் என்பதால் டீச்சர் போயா நாளை அதற்கு ஒதுக்கியிருக்கிறார். மாதம் தவறாமல் வரும், விடுமுறையும்கூட. காலைத் தேநீர் முடிந்ததும் பென்டிரைவைச் செருகி, பொத்தானை அழுத்தி, கோப்பின் பெயரில் அந்த மாதத்தை எழுதி, அலுமாரியில் சி.ஆர். கொப்பிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்.