வாவியில் கொடுவா மீனுக்கு எறிய எந்தத் தூண்டில் கம்பு வாங்கலாம்?

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் எறிந்து பழக வரும் தம்பிமார் முதலில் கேட்பது, "அண்ணே, எத்தனை அடிக் கம்பு வாங்கட்டும்?" என்றுதான். அடிக்கணக்கு பிறகு. எத்தனை கிராம் எறியப்போகிறீர்கள்? அதைச் சொன்னால் பாதிக் கம்பு தெரிவாகிவிடும்.

படி 1: எறியும் முறையை முடிவு செய்யுங்கள்

மட்டக்களப்பு வாவிக் கரையில் நின்று லூரை (மீன்போலச் செய்த பொய் இரையை) எறிந்து எறிந்து இழுத்துக் கொடுவா பிடிப்பது ஒரு முறை. லூர் பெரும்பாலும் 10 முதல் 25 கிராம்தான் இருக்கும். கடற்கரையில் அலைக்கு அப்பால் இரையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது வேறு வேலை. அதற்கு 100 கிராம் அளவில் ஈயமும் 12 அடிக் கம்பும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே கம்பு சரிவராது. இங்கே முதலாவது முறைக்குத்தான் சொல்கிறேன்.

படி 2: கம்பில் உள்ள எழுத்தை வாசியுங்கள்

கைபிடிக்குச் சற்று மேலே, எறியக்கூடிய எடையை 10–30 என்பதுபோல கிராமில் அச்சிட்டிருப்பார்கள். அவுன்ஸில் இருந்தால் 1 அவுன்ஸ் ஏறத்தாழ 28 கிராம்.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் கடற்கரைக் கம்பொன்றைக் கொண்டுவந்து, 15 கிராம் லூரை முழுப் பலத்தோடு வீசினார். கிட்டவே விழுந்தது. பின்னால் கொண்டுபோகும்போது லூரின் பாரத்தில் கம்பு வளைய வேண்டும். அந்த வளைவு நிமிரும்போதுதான் லூர் பறக்கும். அவருடைய கம்பு அசையவே இல்லை. என்னுடைய 10–30 கம்பைக் கொடுத்தேன். அதே கை, அதே லூர், நல்ல தூரம் போனது.

படி 3: கடையிலேயே வளைத்துப் பாருங்கள்

கம்பிலுள்ள வளையங்களுக்குள்ளால் தங்கூசியை (தூண்டில் நூலை) கோத்து, தங்கூசியின் நுனியைக் கடைக்காரரைப் பிடிக்கச் சொல்லுங்கள். மெதுவாகக் கம்பை உயர்த்துங்கள். மேல் மூன்றில் ஒரு பங்கு முதலில் வளைந்து, பாரம் கூடக்கூட நடுவரைக்கும் இறங்க வேண்டும். கொடுவா தண்ணீருக்கு மேலே பாய்ந்து தலையை உதறும் மீன். விறைத்த கம்பென்றால் அந்த உதறலிலேயே தூண்டில் முள் கழன்றுவிடும். கம்பின் நுனியைக் கையால் பிடித்து வளைக்க வேண்டாம், முறியும்.

படி 4: நீளமும் றீலும்

7 அடி போதும். கண்டல் மரங்கள் நெருக்கமான இடமென்றால் ஆறரை. றீல் (தங்கூசி சுற்றும் உருளை) 3000 அல்லது 4000 என்ற எண் அளவு. கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல வெட்டும், ஆகவே தங்கூசியின் நுனியில் ஓரிரு அடிக்குத் தடித்த தங்கூசி கட்டாயம்.

படி 5: காசு கொடுக்குமுன்

ஒரு துண்டுப் பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுழற்றுங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் பஞ்சு இழை சிக்கும். அப்படிச் சிக்கிய கம்பை வாங்காதீர்கள், அந்த வெடிப்பு தங்கூசியை அறுத்துவிடும்.