பழைய ஃபோர்ச்சூனர்ல கேரவன் கட்டி இழுக்கணுமா? காராக் ஹைவே ஏறுறதுக்கு முன்னாடி இத பாத்துட்டு போங்க

கேரவன் வாங்க போற ஆளுங்க முதல்ல கேக்குறது "என் கார் இழுக்குமா அண்ணே" தான். இழுக்கும் லா. என்கிட்ட இருக்குறது 2006 மாடல் 2.7 பெட்ரோல் ஃபோர்ச்சூனர், ஆட்டோ கியர், 1,200 கிலோ கேரவன செந்தூல்ல இருந்து பெந்தோங் வரைக்கும் முனகாம இழுத்துச்சு. திரும்பி வரும்போது கெந்திங் செம்பா இறக்கத்துல கருகுன வாடை அடிக்குது, பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுது, பின் சீட்ல மாமியார் வேற கந்த சஷ்டி கவசம் ஆரம்பிச்சிட்டாங்க. எப்படியோ ஓரங்கட்டி, ஆற வச்சி, முதல் கியர்ல ஊர்ந்து வந்து சேந்தோம். மறுநாள் பாத்தா கேரவனோட பிரேக் கேபிள் துருப்பிடிச்சு செத்து கிடக்கு, மொத்த பாரத்தையும் கார் பிரேக் மட்டும் தாங்கிருக்கு.

அதனால பிரேக்ல இருந்தே ஆரம்பிக்கிறேன். சின்ன கேரவன்ல பெரும்பாலும் ஓவர்ரன் பிரேக் தான் இருக்கும், அதாவது நீங்க கார்ல பிரேக் போட்டதும் ட்ரெய்லர் முன்னாடி தள்ளும், அந்த தள்ளுற வேகமே கேபிள இழுத்து ட்ரெய்லர் சக்கரத்துல பிரேக் போடும். மழையில வருஷக்கணக்கா நின்ன செகண்ட் ஹேண்ட் வண்டியில முதல்ல போறது இந்த கேபிள் தான். ஜாக் போட்டு சக்கரத்த தூக்கி, ஹேண்ட்பிரேக் லீவர இழுத்துட்டு சக்கரத்த கையால சுத்தி பாருங்க, சுத்துச்சுன்னா வாங்காதீங்க, இல்ல விலைய குறைச்சு வாங்கி மாத்துங்க. கார் மேனுவல்ல ட்ரெய்லருக்கு பிரேக் இருந்தா எவ்ளோ, இல்லன்னா எவ்ளோன்னு ரெண்டு எண் இருக்கும். பிரேக் இல்லாததுக்கு நிறைய கார்ல 750 கிலோ தான்.

அடுத்தது எடை. கப்ளர் (ட்ரெய்லரோட முன்முனையில இருக்குற கொக்கி) உங்க டோ பால் (கார் பின்னாடி டோ பார்ல இருக்குற இரும்பு உருண்டை) மேல அமுக்குற எடைய டங் வெயிட்னு சொல்வாங்க. அமெரிக்கா ஸ்டைல் ட்ரெய்லருக்கு மொத்த எடையில 10ல இருந்து 15 சதவீதம் கணக்கு, ஐரோப்பா கேரவனுக்கு அதவிட கம்மி, எப்படியும் டோ பார்ல போட்டிருக்குற அளவ தாண்டக்கூடாது. ரொம்ப குறைஞ்சா ட்ரெய்லர் பாம்பு மாதிரி வால ஆட்டும், ரொம்ப கூடுனா காரோட பின்பக்கம் உக்காந்துடும். 1,200 கிலோவுக்கு 120ன்னு வச்சிக்கோங்க, அது பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டருக்கு மேல பின்னாடி தொங்குறதால முன் சக்கரத்துல இருந்து கிட்டத்தட்ட 50 கிலோவ தூக்கிடும், பின்னாடி 170 ஏறும். ஸ்டியரிங் லேசான மாதிரி இருந்துச்சுன்னா காரணம் இதான். அந்த 120ம் உங்க கார் தாங்குற பாரத்துல தான் சேரும், அஞ்சு பேரு, ஐஸ் பெட்டி, அரிசி மூட்டைன்னு ஏத்துனதுக்கு அப்புறம் மிச்சம் எவ்ளோன்னு கூட்டி பாருங்க.

இத அளக்க வீட்டு எடை மிஷினே போதும், ஆனா நேரா வச்சா உடைஞ்சிடும். ஒரு கெட்டி பலகை எடுங்க, ஒரு முனை பைப் மேல, இன்னொரு முனை மிஷின் மேல, நடுவுல மூணு அடி இடைவெளி. பைப்ல இருந்து ஒரு அடி தள்ளி கப்ளர இறக்குங்க, மிஷின் காட்டுறத மூணால பெருக்குங்க, அவ்ளோ தான். வெறும் பலகைக்கு மிஷின் காட்டுறத பெருக்குறதுக்கு முன்னாடியே கழிச்சிடுங்க. எண் கம்மியா வந்தா உள்ள இருக்குற கனமான சாமான ஆக்சிலுக்கு முன்னாடி நகத்துங்க. தண்ணி டேங்க மறந்துடாதீங்க, 80 லிட்டர்னா 80 கிலோ.

பழைய ஆட்டோ கியர்ல எஞ்சின விட கியர்பாக்ஸ் தான் முதல்ல சாகும், சூட்டுல. ஏடிஎஃப், அதாவது ஆட்டோ கியர் ஆயில், 120 டிகிரிய தாண்டுனா சீக்கிரம் கெட்டுடும். கிளம்புறதுக்கு முன்னாடி ஆயில் மாத்துங்க, டிப்ஸ்டிக்ல தொட்டு மோந்து பாருங்க, கருப்பா கருகுன வாடை இருந்தா இழுக்குற ஆசையவே விட்டுடுங்க. தனியா ஒரு ஆயில் கூலர் மாட்டுறதுக்கு ஆகுற காசு கியர்பாக்ஸ் ஓவர்ஹால்ல கொஞ்சூண்டு தான், என் ஃபோர்மன் ரெண்டு தடவ சொல்லியும் நான் கேக்கல. ஏத்தத்துல ஓவர்டிரைவ் ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா 3க்கும் 4க்கும் மாறி மாறி அடிச்சுக்கிட்டே சூடேறும். இறக்கத்துல, இறங்கறதுக்கு *முன்னாடியே* 2க்கு போட்டுடுங்க, பிரேக்க விட்டு விட்டு அமுக்குங்க, அமுக்கிக்கிட்டே வராதீங்க.

வேகம் 80 போதும். 110ல போனா நிறுத்த வேண்டிய சக்தி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பெரிய லோரி பக்கத்துல தாண்டும்போது வால் ஆட ஆரம்பிச்சா பிரேக்க மிதிக்காதீங்க, ஸ்டியரிங்க திருப்பி திருப்பி சண்டையும் போடாதீங்க, நேரா பிடிச்சிக்கிட்டு எண்ணெய் பெடல்ல இருந்து கால மட்டும் எடுங்க.

ட்ரெய்லர் டயர்ல பூ நல்லா இருக்குன்னு ஏமாறாதீங்க, வயசையும் பாருங்க, பக்கவாட்டுல நாலு எண் இருக்கும், 1417ன்னா 2017ல 14வது வாரம் செஞ்சது. டோ பார், பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் ஜேபிஜே (சாலை போக்குவரத்து துறை) கவுண்டர்லயே கேட்டுக்கோங்க, கடைக்காரன் சொல்றத நம்பி சமன் வாங்காதீங்க. சேஃப்டி செயின் ரெண்டையும் கப்ளருக்கு கீழ குறுக்க மாட்டுங்க.

ரிவர்ஸ் பழக பசார் மாலம் இல்லாத நாளா பாத்து காலி கார் பார்க்குக்கு போங்க. கைய ஸ்டியரிங்கோட அடியில வைங்க, கை எந்த பக்கம் போகுதோ ட்ரெய்லர் பின்பக்கம் அந்த பக்கம் தான் போகும். முதல் பயணத்துல ஒரு 50 கிலோமீட்டர் ஓட்டுனதும் நிறுத்தி வீல் நட்டு எல்லாத்தையும் ஸ்பேனர் போட்டு பாருங்க, எனக்கு நாலுல ஒண்ணு லூசா இருந்துச்சு.