குடல் நுண்ணுயிர் ஆய்வு: நான் பட்டதை நீங்களும் பட வேண்டாம்

போன வாரம் எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி தன் சோதனைத் திட்டத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு ப்ரோபயாடிக் (உடம்புக்கு நல்லது என்று கொடுக்கும்) பாக்டீரியா, கொழுப்புத் தீனி தின்று பருத்த சுண்டெலிகள், 12 வாரம். தாளின் ஓரத்தில் இரண்டு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து எலி வரைந்திருந்தார். ஒன்றின் மேல் 'மருந்து', மற்றதன் மேல் 'உப்புநீர்'. எனக்குப் பகீரென்றது. பல வருஷம் முன்பு நான் வரைந்த அதே படம், வால் உட்பட.

மாதிரிக்கு லேபிள் ஒட்டு, மைனஸ் 80 டிகிரியில் வை என்பதெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரிந்தவர்களே விழுகிற குழிகள் வேறு.

எலியை எண்ணி, கூண்டை மறப்பது

சுண்டெலி மலம் தின்னும். கீழே விழுந்ததை மட்டுமல்ல. குனிந்து, வெளியே வரும்போதே வாயில் வாங்கிக்கொள்ளும். ஒரு கூண்டில் ஐந்து எலி இருந்தால், ஒன்றின் குடலில் இருப்பது மற்ற நான்கின் குடலுக்கும் போய்ச் சேரும். கொஞ்ச நாளில் ஐந்துக்கும் ஏறக்குறைய ஒரே நுண்ணுயிர்க் கூட்டம். பக்கத்துக் கூண்டில் அதே வயசு, அதே வம்சம், அதே தீனி. ஆனால் கூட்டம் வேறாக இருக்கலாம். ஆகவே ஒரு கூண்டுக்கு மருந்து, இன்னொன்று கன்ட்ரோல் (மருந்து தராத ஒப்பீட்டுக் குழு) என்று பிரித்தால், ஐந்தை ஐந்தோடு ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு ஒன்றை ஒன்றோடு ஒப்பிடுகிறீர்கள்.

இது என் மண்டையில் ஏற ஒன்றரை வருஷம் ஆனது. மருந்துக் கூண்டு எலிகளுக்கு எடை குறைவாக ஏறியது. குளுக்கோஸ் கொடுத்தபின் ரத்தச் சர்க்கரை சீக்கிரம் இறங்கியது. மலத்திலுள்ள டிஎன்ஏவைப் படித்து எந்தெந்த பாக்டீரியா இருக்கிறது என்று பார்க்கும் சீக்வென்சிங் முடிவை வரைந்தால் இரண்டு குழுவும் தனித்தனித் தீவாக நின்றன. பி-மதிப்பில் புள்ளிக்குப் பின் வரிசையாகச் சுழியங்கள், அதாவது தற்செயல் என்று தள்ள முடியாத வித்தியாசம். கட்டுரை எழுதி அனுப்பினோம். மதிப்பீட்டாளர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: 'குழுவுக்கு எத்தனை கூண்டு?'

அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அவர் வாயை அடைக்கலாம் என்று ஃப்ரீசரைத் துழாவினேன். மருந்து தொடங்குவதற்கு முந்தின நாள் எடுத்த மல உருண்டைகள் கிடந்தன. அவற்றையும் சீக்வென்ஸ் செய்தேன். ஒரு சொட்டு மருந்து உள்ளே போகும் முன்பே அந்த இரண்டு தீவும் பிரிந்துதான் இருந்தன.

மருந்து வேலை செய்யவில்லை என்றுகூட அதை வைத்துச் சொல்ல முடியாது. எதையுமே சொல்ல முடியாது. என்னை இன்றும் அரிப்பது இதுதான்: அந்தக் குழாய்கள் அத்தனை நாளும் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன, நான் கடைசியில்தான் திறந்தேன்.

இதைச் சொல்லி முடித்ததும் தம்பி விடவில்லை. "புள்ளியியலில் சரிக்கட்ட முடியாதா அக்கா?" முடியாது. குழுவுக்கு ஒரே கூண்டு என்றால் கூண்டின் விளைவையும் மருந்தின் விளைவையும் எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. குழுவுக்குப் பல கூண்டுகள் இருந்தால்தான் கூண்டைக் கணக்கில் ஒரு காரணியாகச் சேர்க்கலாம்.

"அப்போ ஒரே கூண்டில் இரண்டு குழுவையும் கலந்து வைத்தால்?" உயிருள்ள பாக்டீரியா மலம் வழியாகக் கன்ட்ரோல் எலிக்கும் போய்விடும். குடல் நுண்ணுயிர் ஆய்வாளர் ஜெஃப்ரி கார்டனின் குழு 2013-ல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. இரட்டையரில் பருமனானவரின் நுண்ணுயிர்களைச் சில எலிகளுக்கும், ஒல்லியானவரின் நுண்ணுயிர்களை வேறு சில எலிகளுக்கும் ஏற்றினார்கள். கொழுப்பு குறைந்த தீனி கொடுத்து இரண்டு வகையையும் ஒரே கூண்டில் விட்டபோது, முதல் வகைக்குக் கொழுப்பு சேர்வது தடைப்பட்டது. மலம் தின்னும் பழக்கத்தை அவர்கள் கருவியாக்கிக்கொண்டார்கள். நமக்கு அது காலைவாரி விடுகிறது.

"சரி, ஒவ்வொன்றையும் தனிக் கூண்டில்?" நமக்கு இதமான 22 டிகிரி சுண்டெலிக்குக் குளிர். அதற்குச் சுகம் 30 டிகிரி பக்கத்தில்தான். ஒட்டிப் படுக்கத் துணை இல்லாத எலி உடம்பைச் சூடாக வைத்திருக்கவே கூடுதலாக எரிக்கும். எடையும் சர்க்கரையும் அளக்கிற வேலையில் இது வேண்டாத தலைவலி.

இப்போது நான் கூண்டுக்கு இரண்டு எலி, குழுவுக்கு எட்டுக் கூண்டு என்று வைக்கிறேன். தொடங்கும் முன் இரண்டு மூன்று வாரம் எல்லாக் கூண்டுகளின் அழுக்குப் படுக்கையையும் ஒன்றாகக் கலந்து திரும்பப் பரப்புவோம். எந்தக் கூண்டுக்கு மருந்து என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வோம். முதல் நாள் மலத்தை முதலிலேயே சீக்வென்ஸ் செய்துவிடுவோம்.

மரபணு நீக்கிய எலியை ஓரிடத்திலும் சாதாரண எலியை வேறிடத்திலும் வாங்கி ஒப்பிடுவதும் இதே தவறின் தம்பிதான். குட்டி தன் நுண்ணுயிர்களைப் பெரும்பாலும் தாயிடமிருந்தே வாங்குகிறது. ஒரே ஈற்றில் பிறந்தவற்றை ஒப்பிடுங்கள்.

மாத்திரையைப் பற்றிக் கேட்காமல் விடுவது

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வில் இது. இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களில் பலர் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள். அந்த மாத்திரையே குடல் பாக்டீரியாவை மாற்றும். நீரிழிவின் அடையாளம் என்று முன்பு சொல்லப்பட்டதில் ஒரு பகுதி மெட்ஃபார்மினின் கைவேலை என்று 2015-ல் நேச்சரில் வந்த ஆய்வு காட்டியது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் அப்படியே. வாயில் இருக்க வேண்டிய பாக்டீரியா மலத்தில் தலைகாட்டும். வினாத்தாளில் 'வேறு மருந்துகள்: ஆம் / இல்லை' என்று ஒரு வரி போட்டால் போதாது. பெயர், அளவு, எத்தனை மாதமாக என்று கேளுங்கள்.

'லாக்டோபேசில்லஸ் கொடுத்தோம்' என்று எழுதுவது

எந்த லாக்டோபேசில்லஸ்? 2020-ல் பல இனங்கள் அடங்கிய அந்தப் பாக்டீரியாப் பேரினத்தையே 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். இனப் பெயரும் போதாது, கிளை வகையின் (ஸ்ட்ரெய்ன்) குறியீடும் வேண்டும். ஒன்றுக்கு வேலை செய்தது அதன் பங்காளிக்கும் செய்யும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

அப்புறம், செத்த பாக்டீரியாவையும் ஒரு குழுவுக்குக் கொடுத்துப் பாருங்கள். அக்கர்மன்சியா என்ற குடல் பாக்டீரியாவை வைத்து மனிதர்களிடம் செய்து 2019-ல் வெளியான, 32 பேர் முடித்த சிறு சோதனையில் இன்சுலின் உணர்திறனைத் தெளிவாகக் கூட்டியது உயிருள்ளது அல்ல, பாஸ்டரைஸ் செய்தது (சூடாக்கிக் கொன்றது)தான்.

ஃபர்மிக்யூட்ஸ்–பாக்டீராய்டீட்ஸ் விகிதம்

குடலில் அதிகமாக இருக்கும் இரண்டு பெரிய பாக்டீரியாத் தொகுதிகளின் விகிதம் இது. விட்டுவிடுங்கள். 2006-ல் பருமனோடு முடிச்சுப் போட்டார்கள். பல ஆய்வுகளின் தரவை ஒன்றாகக் கொட்டிப் பார்த்தபோது அந்த முடிச்சு நிற்கவில்லை.

சதவீதத்தை எண்ணிக்கையாகப் படிப்பது

ஒரு பாக்டீரியா 20 சதவீதத்திலிருந்து 40 ஆனால் அது பெருகியது என்று அர்த்தமில்லை. மற்றவை பாதிக்கும் மேல் செத்திருந்தாலும் அதே எண்தான் வரும். மொத்தம் எவ்வளவு என்பதைத் தனியாக அளக்க வேண்டும். மலம் இளகியதா இறுகியதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதைப் பொறுத்தே பாக்டீரியா வகைகளின் எண்ணிக்கை ஏறி இறங்கும்.

வெற்றுக் குழாய்

மாதிரி எதுவும் போடாத குழாயையும் சீக்வென்ஸ் செய்யுங்கள். அதிலும் பாக்டீரியா வரும், டிஎன்ஏ பிரிக்கும் கிட்டிலிருந்தே.