கரடுமுரடான தடத்தில் பிள்ளை ஓட்டுவதற்கு ஏற்ற ஏடிவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கல்லும் மர வேரும் பள்ளமும் நிறைந்த தடத்தில் ஓட்டப் பிள்ளைக்கு ஏடிவி (கைப்பிடியால் திருப்பி ஓட்டும், கரடான நிலத்துக்கான நான்கு சக்கர வண்டி) வாங்கப் போகும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, இன்ஜின் எத்தனை சிசி என்பதைத்தான். அதைக் கேட்பதற்கு முன் பிள்ளையின் கால் நீளத்தையும் கை எட்டும் தூரத்தையும் விரல்களின் பலத்தையும் அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வளரும் பிள்ளைதானே என்று சட்டையை ஓர் அளவு பெரிதாக எடுப்பதைப் போல ஏடிவியை எடுத்துவிடக் கூடாது. பெரிய சட்டை பிள்ளைக்குத் தீங்கு செய்யாது. பெரிய ஏடிவியோ கவிழும்போது ஓட்டுபவர் மேலேயே விழுகிறது.

வாங்குவதா வேண்டாமா என்ற முடிவை எடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 16 வயதுக்கு உட்பட்டவர்கள் ஏடிவி ஓட்டவே வேண்டாம் என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகத்தின் பரிந்துரை. அதை அறிந்த பிறகும் ஓட்டவிடுவது என்று தீர்மானிப்பவர்கள், கீழே உள்ள எதிலும் விட்டுக்கொடுக்காமல் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிறுவர் ஏடிவிகளில் ஒட்டப்பட்டிருக்கும் வயது முத்திரையிலிருந்து தொடங்குங்கள். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அமெரிக்காவில் கட்டாயமாக்கப்பட்ட தரநிலை, இவ்வண்டிகளை ஒய்-6+, ஒய்-10+, ஒய்-12+ என வயதுவாரியாகப் பிரிக்கிறது. 14 வயதிலிருந்து பெரியவரின் மேற்பார்வையில் ஓட்டக்கூடிய இடைநிலை வகை ஒன்றும் அதில் உண்டு. முன்பு 70 சிசி, 90 சிசி என்று இன்ஜின் அளவை வைத்துப் பிரித்துவந்த இடத்தில் இப்போது வேகமே அளவுகோல். 6 வயதுக்கான வண்டியின் வேகத் தடையை முழுவதும் நீக்கிவிட்டாலும் அது மணிக்கு ஏறத்தாழ 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 10, 12 வயதுக்கான வண்டிகளுக்கு அந்த வரம்பு ஏறத்தாழ 48 கிலோமீட்டர். முத்திரையில் இருப்பது குறைந்தபட்ச வயது மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள். 10 வயது நிரம்பிய, ஆனால் உருவத்தில் சிறிய பிள்ளைக்கு ஒய்-10+ வண்டி பொருந்தும் என்று அந்த முத்திரை உறுதி சொல்வதில்லை.

பொருத்தத்தைக் கடையிலேயே, இன்ஜினை இயக்காமல் பார்த்துவிடலாம். பிள்ளை ஓட்டும்போது அணியும் அதே பூட்ஸையும் கையுறையையும் அணிவித்து வண்டியில் ஏற்றுங்கள். கால்தாங்கியில் எழுந்து நிற்கச் சொன்னால், இருக்கைக்கும் கவட்டைக்கும் நடுவே 7 முதல் 15 சென்டிமீட்டர் வரை இடைவெளி இருக்க வேண்டும். கரடான தடத்தில் பிள்ளை பெரும்பாலும் அரைநிலையில் நின்றபடி, முழங்காலை மடக்கி நீட்டி அதிர்ச்சியை வாங்கிக்கொண்டுதான் ஓட்டும். இடைவெளி போதாவிட்டால் ஒவ்வொரு கல்லிலும் இருக்கை அடியிலிருந்து தூக்கிப் பிள்ளையைக் கைப்பிடிக்கு மேலாக எறியப் பார்க்கும். பிறகு உட்காரச் சொல்லுங்கள். தொடை ஏறக்குறைய தரைக்கு இணையாக இருக்க வேண்டும். காலால் மிதிக்கும் பிரேக் இருந்தால், குதிகாலைக் கால்தாங்கியிலிருந்து எடுக்காமலே முன்பாதத்தால் அதை அழுத்த முடிய வேண்டும். கைப்பிடியைப் பற்றும்போது முழங்கை தெளிவாக மடிந்திருக்க வேண்டும். கை விறைப்பாக நீண்டிருந்தால் வண்டி பெரிது. இப்போது கைப்பிடியை இடக்கோடி வரைக்கும் வலக்கோடி வரைக்கும் திருப்பச் சொல்லி, வெளிப்பக்கக் கை பிடியிலிருந்து நழுவுகிறதா என்று கவனியுங்கள். நழுவினால், தடத்தில் உள்ள முதல் கூர்மையான வளைவிலேயே பிரேக்கும் கைவிட்டுப் போகும்.

விரல்களுக்குத் தனிச் சோதனை ஒன்று உண்டு. பிடியில் கையை வைத்து விரல்களை நேராக நீட்டினால், நடுவிரலின் நுனியிலிருந்து முதல் மூட்டு பிரேக் லீவரைத் தாண்டி நிற்க வேண்டும். எட்டுவதோடு அழுத்தும் பலமும் வேண்டும் என்பதால், சிறிய சரிவில் வண்டியை நிறுத்தி, நீங்கள் முன்னால் நின்று தாங்கிக்கொண்டு, பிள்ளையின் விரல்களால் மட்டும் அது நிற்கிறதா என்று பாருங்கள். பல கடைகளில் இதைச் செய்துகாட்ட யாரும் முன்வருவதில்லை. நீங்களே கேட்டுச் செய்ய வேண்டும்.

இத்தனை அளவும் எதற்கென்றால், ஏடிவியைத் திருப்புவதில் கைக்கு உள்ள பங்கு உடலுக்கும் உண்டு. பெரும்பாலான சிறுவர் ஏடிவிகளில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே திட ஆக்சிலில் இணைந்து ஒரே வேகத்தில் சுழல்வதால், வண்டி நேராகவே போக விரும்பும். ஓட்டுபவர் வளைவின் உட்பக்கமாகச் சாய்ந்து உடல் எடையை மாற்றினால்தான் அது இணக்கமாகத் திரும்பும். 50 சிசி வண்டியே ஏறத்தாழ 100 கிலோ இருக்கும். 25 கிலோ எடையுள்ள பிள்ளை அதன்மேல் தாராளமாக அசைந்து சாய முடிந்தால், அந்த எடையில் கால் பங்கைக் கொண்டு வண்டியை ஆளலாம். அதே பிள்ளையை 250 கிலோ எடையுள்ள பெரியவர்களின் வண்டியில் ஏற்றினால், எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் அந்த எடை வண்டியை அசைக்கப் போதாது.

உடல் பொருந்திய பிறகு தடத்தைப் பார்க்கலாம். 50 சிசி வண்டிகளின் சிறிய சக்கரங்கள் புல்வெளிக்கும் மண் பாதைக்கும் போதும். பெரிய கற்கள் கிடக்கும் தடத்தில் அவை முட்டி நின்றுவிடும். ஆகவே சிறு பிள்ளைக்குத் தடம் கடினமாக இருந்தால், மாற்ற வேண்டியது தடத்தைத்தான். பெரிய வண்டிக்குத் தாவக் கூடாது. 10 வயதுக்கு மேற்பட்டோரின் வண்டிகளில், அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, இன்ஜினின் அடியில் காப்புத் தகடு, பாதம் சக்கரத்துக்குள் நழுவாதபடி கால்தாங்கியைச் சுற்றி அடைப்பு, சைலன்சருக்கு வெப்பக் காப்பு ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். பாத அடைப்பு இல்லாத வண்டியை வேறு எந்தச் சிறப்புக்காகவும் வாங்காதீர்கள்.

மலைச்சரிவுத் தடமாக இருந்தால் கியர் அமைப்பும் முக்கியமாகிறது. யமஹா ராப்டர் 90, போலாரிஸ் அவுட்லா 110 போன்றவை கியர் மாற்றத் தேவையில்லாத பெல்ட் அமைப்பு கொண்டவை. புதிதாகப் பழகும் பிள்ளைக்கு இதுவே எளிது. ஆனால் இத்தகைய வண்டிகள் பலவற்றில், இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டதும் இன்ஜினின் பிடி தளர்ந்து வண்டி உருள ஆரம்பிக்கும். அப்போது சுமை முழுவதும் பிரேக்கின் மேல்தான். ஹோண்டா டிஆர்எக்ஸ்90எக்ஸ் கையால் இயக்கும் கிளட்ச் இல்லாமல் நான்கு கியர் கொண்டது; தாழ்ந்த கியரில் இறங்கினால் இன்ஜினே வேகத்தைப் பிடித்து நிறுத்தும். செங்குத்தான இறக்கங்கள் மிகுந்த இடத்தில், கியரைக் கற்றுக்கொள்ளும் பொறுமை உள்ள பிள்ளைக்கு நான் இரண்டாவது வகையையே பரிந்துரைப்பேன்.

வேகத்தைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் வழி வண்டியிலேயே இருக்க வேண்டும். வலப்பிடியின் அருகே, கட்டைவிரலால் அழுத்தும் ஆக்சிலரேட்டரின் பெட்டியில் ஒரு சிறிய திருகு இருக்கும். அதை உள்ளே முடுக்கினால் லீவர் பாதியிலேயே தடுத்து நிற்கும். ஆனால் அந்தத் தடை ஏற்றத்துக்கான விசையையும் சேர்த்தே குறைக்கிறது. செங்குத்தான மேட்டில் பாதியில் நின்றுபோகும் வண்டி பின்னோக்கி உருண்டு குப்புறப் புரளக்கூடும் என்பதால், திருகை முடுக்கியிருக்கும் காலத்தில் அத்தகைய மேடுகளைத் தவிர்க்க வேண்டும். இத்துடன், பிள்ளை கீழே விழுந்தால் இழுபட்டு இன்ஜினை அணைக்கும் பாதுகாப்புக் கயிறும் தேவை. வாங்கும்போது இன்ஜினை ஓடவிட்டு அதை இழுத்துப் பாருங்கள்.

பழைய வண்டியாக இருந்தால், கைப்பிடியை நேராகவும் இருபுறக் கோடிகளிலும் வைத்து ஆக்சிலரேட்டரை அழுத்தி விடுங்கள். எந்த நிலையிலும் லீவர் சட்டென்று திரும்ப வேண்டும். முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லொடலொடப்பு இருக்கக் கூடாது. டயரின் காற்றழுத்தம் பெரும்பாலும் 2 முதல் 5 பிஎஸ்ஐ வரைதான் என்பதால், காருக்கான மானியில் அது சரியாகத் தெரியாது. குறைந்த அழுத்தத்துக்கான மானி ஒன்றை வண்டியோடு சேர்த்தே வாங்குங்கள். முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ் ஆகியவற்றின் செலவையும் முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

பிள்ளை வளர வளர, நின்று பார்க்கும் அந்த இடைவெளியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் அளந்துவாருங்கள். அது 15 சென்டிமீட்டரைத் தாண்டி, திருப்பும்போது கைப்பிடி முழங்காலில் இடிக்கத் தொடங்கினால், வயதும் அனுமதிக்கும் பட்சத்தில், அடுத்த அளவு வண்டியில் இதே சோதனைகளை முதலிலிருந்து செய்யலாம்.