கரீபியன் தீவுப் போவா: குட்டி போட வைப்பது சுலபம், சாப்பிட வைப்பதுதான் வேலை

கரீபியன் தீவுப் போவா (இரையைச் சுற்றி நெரிக்கும், விஷமில்லாத பாம்பு) என்று ஒரே பெயரில் சொன்னாலும் கியூபா, ஜமைக்கா, ஹிஸ்பானியோலா, போர்ட்டோ ரிக்கோ, பஹாமாஸ் என்று தீவுக்குத் தீவு வேறு வேறு இனம். முன்பு எபிக்ரேட்ஸ் பேரினத்தில் இருந்தவற்றை 2013-இல் கைலபோத்ரஸ் என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள், அதனால் பழைய வளர்ப்புக் குறிப்புகளைத் தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

எந்த இனம் வாங்குவது? இடம் இருந்தால் கியூபப் போவாதான் என் முதல் சிபாரிசு. இந்தத் தீவுப் போவாக்களிலேயே நீளமானது இதுதான். பெரும்பாலும் 2 முதல் 3 மீட்டர், 4 மீட்டரைத் தாண்டியவையும் உண்டு. இவ்வளவு பெரிய பாம்பை முதலில் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். இது போடும் குட்டிகள் எண்ணிக்கையில் சொற்பம், ஆனால் ஒவ்வொன்றும் பிறக்கும்போதே அரை மீட்டருக்கு மேல் இருக்கும், முதல் இரையாகவே ரோமம் முளைத்த சுண்டெலியைப் பிடித்து விழுங்கிவிடும். ஹிஸ்பானியோலா போவா, ஃபோர்டு போவா, வைன் போவா எல்லாம் நேர்மாறு. குட்டி பென்சிலை விட ஒல்லியாக இருக்கும், பல்லி ஓணான் தவிர வேறெதையும் உணவாகவே மதிக்காது. அந்தத் தலைவலியைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

காகித வேலையை முதலில் முடியுங்கள். போவா குடும்பம் முழுவதும் சைட்டிஸ் (அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும்) ஒப்பந்தத்துக்குள் வருகிறது. ஜமைக்கா, போர்ட்டோ ரிக்கோ, மோனா போவாக்கள் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கின்றன, மற்றவை இரண்டாம் பட்டியலில். அமெரிக்காவில் போர்ட்டோ ரிக்கோ போவா 1970-இலேயே அழியும் அபாயத்தில் உள்ள உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இந்தியாவில் இருப்பவர்களுக்கு: 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சைட்டிஸ் பட்டியலில் உள்ள பிராணி எதை வைத்திருந்தாலும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும், குட்டி பிறந்தாலும் பாம்பு இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். ஆவணம் இல்லாமல் 'சும்மா எடுத்துக்கோங்க' என்று யாராவது நீட்டினால் தொடவே தொடாதீர்கள். காட்டில் பிடித்ததும் வேண்டாம், ஒட்டுண்ணியோடுதான் வரும். கூண்டில் பிறந்து வளர்ந்ததையே வாங்குங்கள்.

புதிதாக வந்த பாம்பை குறைந்தது மூன்று மாதம் தனி அறையில் வையுங்கள். வீட்டில் சாதாரண போவா கன்ஸ்ட்ரிக்டர் இருந்தால் இதில் கொஞ்சமும் தளர்த்தாதீர்கள். அதன் உடம்பில் பாம்புகளைக் கொல்லக்கூடிய ரெப்டரீனா வைரஸ் எந்த அறிகுறியும் காட்டாமல் பல காலம் இருக்கலாம், பாம்புப் பேன் வழியாகப் பரவலாம் என்ற சந்தேகமும் உண்டு, வந்துவிட்டால் மருந்து கிடையாது. தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள் மாதிரி கறுப்புப் புள்ளி மிதந்தால் அதுதான் பேன்.

கூண்டு விஷயத்தில் பலர் உயரத்தை மறந்துவிடுகிறார்கள். இவை பெரும்பாலும் மரம் ஏறுகிறவை, கியூபாவில் குகை வாசலில் தொங்கிக்கொண்டு பறக்கும் வௌவாலையே பிடிக்கும். நடுத்தர இனங்களுக்கு 120 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம் போதும், வளர்ந்த கியூபப் போவாவுக்கு 180 செ.மீ. நீளத்துக்குக் குறையக் கூடாது. உடம்புப் பருமனுக்குச் சமமான கிளைகளை ஆடாமல் பொருத்துங்கள், ஒளிய இடம் கீழே ஒன்று, மேலே ஒன்று. தரைக்குத் தேங்காய் நார்த்தூள் நன்றாக ஈரம் பிடிக்கும். ஈரப்பதம் 60 முதல் 80 சதவீதம், ஆனால் காற்றோட்டம் இல்லாமல் ஈரத்தை மட்டும் ஏற்றினால் மூக்கில் சளியும் வயிற்றுச் செதிளில் புண்ணும் வரும்.

வெப்பத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. வெப்பமண்டலத் தீவு என்றதும் கூண்டைச் சுட வைத்துவிடுகிறார்கள், இவையோ பகலில் நிழலிலும் குகையிலும் மரப் பொந்திலும் கிடந்துவிட்டு இரவில் வெளியே வருகிறவை. வெயில் காயும் இடம் 31, குளிர்ந்த மூலை 25, இரவில் 22 டிகிரி செல்சியஸ், சரி, அவ்வளவுதான். தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த ஹீட்டரையும் செருகாதீர்கள்.

வளர்ந்த பாம்புக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு எலி, கியூபப் போவாவுக்கு அதைவிடவும் இடைவெளி விடலாம். கொழுத்த பெண் பாம்பு பார்க்க அழகாக இருக்கும், குட்டி போடாது. கூண்டைத் திறந்ததும் கொக்கியால் மெதுவாக உடம்பைத் தொடுங்கள், சாப்பாடு இல்லை என்று அதற்குப் புரியட்டும், இல்லையென்றால் கடி நிச்சயம்.

இனப்பெருக்கம் உண்மையில் அவ்வளவு கஷ்டம் இல்லை. பெண் பாம்புக்கு 4 வயதாவது ஆகியிருக்க வேண்டும். குளிர்காலத்தில் உணவை நிறுத்தி, வயிறு காலியான பிறகு, ஆறு முதல் எட்டு வாரம் இரவு வெப்பத்தை 20-க்குப் பக்கத்தில் இறக்குங்கள், பகலில் வழக்கம்போல் கொஞ்சம் காயட்டும். அப்புறம் வெப்பத்தை ஏற்றி, ஆணைப் பெண்ணின் கூண்டுக்குள் விடுங்கள். ஆணுக்குக் குதத்தின் இருபுறமும் உள்ள முட்கள் பெரிதாக இருக்கும், அதை வைத்து அவளை வருடிக்கொண்டே இருப்பான். சேர்ந்திருக்கும் நேரத்தில் உணவு போடவே கூடாது. சினைப் பெண் இரையை ஒதுக்கும், வெயில் காயும் இடத்தை விட்டு நகராது. அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுங்கள். சுமார் ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். இவை முட்டையிடுவதில்லை, நேராகக் குட்டிதான். கூடவே கருவுறாத மஞ்சள் கட்டிகள் சில விழலாம், பதற வேண்டாம், எடுத்துப் போடுங்கள். அடுத்த வருடம் அதே பெண்ணுக்கு ஓய்வு கொடுங்கள்.

இப்போது அந்தத் தலைவலி. ஒவ்வொரு குட்டிக்கும் தனி டப்பா, அடியில் ஈரக் காகிதம், ஒரு குச்சி, சின்னத் தண்ணீர்க் கிண்ணம். முதல் சட்டை உரிக்கும்வரை எதுவும் கொடுக்க வேண்டாம். அதற்குப் பிறகு, இருட்டியதும், ரோமம் முளைக்காத எலிக்குஞ்சை வெதுவெதுப்பாக்கி இடுக்கியில் பிடித்துக் காட்டுங்கள். பெரும்பாலானவை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்போது பல்லி வாசனைதான் வழி. எலிக்குஞ்சைச் சோப்பு போடாமல் தண்ணீரில் கழுவித் துடைத்து, செத்த அனோல் (அமெரிக்கக் கண்டத்துச் சின்ன ஓணான் வகை) உடம்பில் நன்றாகத் தேயுங்கள், முக்கியமாக எலிக்குஞ்சின் மூக்குப் பக்கத்தை. ஓணானை முன்கூட்டியே சில வாரம் உறைய வைத்திருந்தால் ஒட்டுண்ணி பயம் குறையும். அதற்கும் மசியாவிட்டால் ஓணானின் ஒரு துண்டுத் தோலை எலிக்குஞ்சின் தலையில் ஒட்டிவிட்டு இரவு முழுக்க டப்பாவிலேயே விடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் முழு ஓணானையே கொடுத்துவிடுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள், அது எடை ஏறிய பிறகு எலிக்கு மாற்றிக்கொள்ளலாம். தினமும் முயற்சி செய்வதுதான் மோசமான வழி, பாம்பு மிரண்டு போகும். ஐந்து நாளுக்கு ஒருமுறை போதும். வாரா வாரம் எடை போட்டு எழுதி வையுங்கள். தொடர்ந்து இறங்கி முதுகெலும்பு துருத்தத் தொடங்கினால் மட்டுமே, எலிவால் துண்டையோ சின்னக் காலையோ வாயில் மெதுவாக வைத்து விழுங்க விடுங்கள், அதையும் ஒருமுறையாவது அனுபவசாலி செய்வதைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

வாசனை தடவாத எலிக்குஞ்சைத் தொடர்ந்து பத்து முறை தானாகவே எடுக்காத குட்டியை யாருக்கும் விற்காதீர்கள்.